பெண்கள் பக்கம்

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன மணிகரணில் முதல் நாள் நான் குளிக்கவில்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் அது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும், அங்கிருந்து புந்தருக்குப் பேருந்தில் இன்னோர் இரவு, அப்புறம் உள்ளூர்ப் பேருந்தில் பார்வதி ஆற்றை ஒட்டியே 35 கிலோமீட்டர். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. பாலத்தில் நின்று பார்த்தால் எதிர்க்கரை முழுக்க ஆவி. ஆற்றில் ஓடுவது பனி உருகிய தண்ணீர். கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதே ஆற்றின் கரையில், பாறை இடுக்குகளில், தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. குளிக்கும் தொட்டிகளில் அதைக் குளிர்ந்த நீரோடு கலந்து விடுகிறார்கள். அதில் இடுப்பளவு உட்கார்ந்தால் போதும், எல்லா வலியும் இறங்கிவிடும் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் பல பேர் சேர்ந்து இறங்கும் தொட்டி அது. இறங்க மனம் வரவில்லை.

முதுகுப்பையை அறையில் வைத்துவிட்டு, குருத்வாராவை ஒட்டிச் சோறு வேகும் கொதிநீர்க் குண்டத்தின் பக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

லங்கருக்கான, அதாவது குருத்வாராவில் எல்லோருக்கும் தரும் இலவசச் சாப்பாட்டுக்கான, அரிசியையும் கொண்டைக்கடலையையும் பெரிய பாத்திரங்களில் போட்டு மூடி, அப்படியே கொதிக்கும் நீருக்குள் இறக்கிவைக்கிறார்கள். விறகு இல்லை, புகை இல்லை. பக்தர்கள் தங்கள் பங்குக்குச் சின்னத் துணிமுடிச்சில் அரிசியோ கடலையோ வாங்கி, நூலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். லூதியானாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தன் முடிச்சின் நூலை என் கையில் கொடுத்து, "பிடித்துக்கொள் மகளே, கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்று போனார். நூல் வழியாகவே கொதிப்பு கைக்குத் தெரிந்தது. தூண்டிலைச் சின்ன மீன் இழுப்பதுபோல் விட்டு விட்டு அதிர்ந்தது. 20 நிமிடம் கழித்து அவர் வந்து பிரித்தார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பதம் பார்த்தேன். வெந்திருந்தது, நடுவில் மட்டும் லேசாக ஒரு விறைப்பு. மணிகரண் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசி நம் ஊரைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும். அந்த அம்மா முடிச்சிலிருந்து ஒரு கைப்பிடிச் சோற்றை எனக்கு எடுத்துத் தந்தார். உப்பில்லாத வெறும் சோறு. வயிறு நிறைந்தது.

இந்த ஊற்றுக்கு இரண்டு கதைகள் உண்டு. பார்வதியின் காதணி இங்கே நீரில் விழுந்து பாதாளத்துக்குப் போய்விட, ஆதிசேஷன் சீறிய சீற்றத்தில் மணிகளோடு வெந்நீரும் வெளியே வந்தது என்பது ஒன்று. குருநானக் தன் தோழர் மர்தானாவோடு இந்தப் பக்கம் வந்தபோது சமைக்க நெருப்பில்லை, நானக் சொன்னபடி மர்தானா ஒரு கல்லைப் புரட்ட ஊற்று கிளம்பியது, அதில் போட்ட ரொட்டிகள் மூழ்கிப்போயின, கடவுள் பெயரால் ஒரு ரொட்டி தானம் தருகிறேன் என்று மர்தானா வேண்டிக்கொண்டதும் வெந்து மிதந்தன என்பது இன்னொன்று. இரண்டாவது கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பசித்தவனுக்காகக் கிளம்பிய தண்ணீர், இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறது.

மண்ணுக்குள் நடப்பதும் கதைக்குக் குறைந்ததல்ல. இமயத்தின் இந்தப் பகுதியில் எரிமலை கிடையாது. மழையும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்க இறங்கச் சராசரியாக 25, 30 டிகிரி சூடு கூடும். இமயம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை. மேலே இருப்பதை ஆறும் பனியும் அரித்துப் போக, ஆழத்துச் சூடான பாறை மேற்பரப்பை நெருங்கி வந்திருக்கிறது. பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம் சிதையும்போது வரும் வெப்பமும் சேர்கிறது. சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வருகிறது. கசோல், மணிகரண், கீர்கங்கா என்று பார்வதிப் பள்ளத்தாக்கு நெடுக அது வெளிப்படுகிறது. மலை அசைந்துகொண்டே இருப்பதால்தான் வெந்நீர் கிடைக்கிறது. அதே அசைவுதான் 1905-ல் காங்ரா நிலநடுக்கமாக வந்து மணிகரண் சிவன் கோயிலை ஒரு பக்கமாகச் சாயவைத்தது.

இரண்டு நாள் கழித்து பர்ஷைணிக்குப் பேருந்து ஏறினேன். பேருந்துப் பாதை அங்கே முடிகிறது. ஆற்றைக் கடந்து ஏறினால் கல்கா என்ற ஊர். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய வீடுகள். அக்டோபர் என்பதால் பழம் பறித்து முடிந்திருந்தது. தங்கிய வீட்டில் இரவு சித்து தந்தார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்; கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே அக்ரூட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. நெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். காலையில் எழுந்ததும் சீக்கிரம் கிளம்பிவிடும் ஆர்வத்தில் ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும்தான் சாப்பிட்டேன். அது தவறு என்று மதியம் தெரிந்தது.

பர்ஷைணியிலிருந்து கீர்கங்காவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். கல்கா வழியாகக் காட்டுக்குள்ளேயே போகும் பாதை ஒன்று, நக்தான் ஊர் வழியாக எதிர்க்கரையில் போகும் பாதை இன்னொன்று. ஊரையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இறங்கி நக்தான் வழியே போனேன். ருத்ரநாக் அருவி வரை வெயிலில் நடை. பாம்பு நெளிவதுபோல் பாறையில் விழுவதால் அந்தப் பெயர். அதற்கு அப்புறம் பாலத்தைக் கடந்தால் தேவதாரு, ஊசியிலைக் காடு, ஒரே ஏற்றம். முதுகில் 9 கிலோ. வழியில் பெண்கள் கில்டா என்ற கூம்புக் கூடையில் புல்லை மலையாகச் சுமந்துகொண்டு எதிரே இறங்கி வந்தார்கள். குளிர்காலம் முழுக்க மாடுகளுக்கு அதுதான் தீனி. பனி விழுவதற்குள் அறுத்துச் சேர்த்துவிட வேண்டும். என் பையைவிட மூன்று மடங்காவது கனம் இருக்கும். ஒதுங்கி நின்று வழிவிட்டேன். ஒருத்தி நின்று, கூடையோடு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "மேலே போய்க் குளி, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீர்கங்கா சுமார் 2,960 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி. எதிரே பனிச் சிகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்த இடத்தின் கதை நெஞ்சைத் தொடும். சிவனின் மகன் கார்த்திகேயன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தவம் இருந்த குகை அங்கே இருக்கிறது. நம் முருகன்தான். தவத்தில் இருக்கும் பிள்ளைக்காகப் பார்வதி பாயசத்தையே ஊற்றாக ஓடவிட்டாள். கீர் என்றால் பாயசம். கலியுகத்தில் மனிதர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று பரசுராமர் அதைத் தண்ணீராக மாற்றிவிட்டார். நீரில் வெள்ளையாக நூல் நூலாக மிதந்து வருவதைப் பாயசத்தின் ஆடை என்கிறார்கள். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்த பிள்ளையை மட்டுமே தெரிந்து வளர்ந்தவள் நான். வடக்கில் தாய் பாயசம் ஊட்டிக்கொண்டிருக்கும் முருகனை அந்த உயரத்தில் சந்தித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆண்களின் குளம் திறந்தவெளியில் இருக்கிறது. கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து சிகரங்களைப் பார்க்கலாம். இணையத்தில் பார்க்கும் கீர்கங்கா படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவைதான். பெண்களின் குளம் பக்கத்திலேயே, சுவர் வைத்து மறைத்தது. உள்ளே போனால் தண்ணீர், ஆவி, சுவர். ஐந்து மணி நேரம் ஏறி வந்த எனக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் கோபம் வந்தது. அதே ஏற்றத்தை நானும்தானே ஏறினேன்?

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் ஓர் ஊரிலிருந்து கூட்டமாக வந்தவர்கள். அவர்களின் பட்டுகள் சுவரோரம் மடித்து வைத்திருந்தன. நமக்குப் பட்டு என்றால் காஞ்சிபுரம். குலுவில் பட்டு என்றால் பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டி, தோளில் ஊசி குத்திக்கொள்ளும் தடித்த கம்பளி. நான் நேராகத் தண்ணீரில் கால் வைக்கப் போனதும் ஒரு மூதாட்டி கையை நீட்டித் தடுத்தார். முதலில் குழாயடியில் நின்று உடம்பைக் கழுவு என்று சைகை காட்டினார். வேர்வையும் புழுதியும் அங்கேயே போக வேண்டும். சோப்பு கூடாது. மற்றவர்கள் உட்காரும் தண்ணீர் இது.

கழுவிவிட்டு இறங்கினேன். முதலில் தோல் எரிந்தது. பிறகு கால் விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்வதுபோல் இருந்தது. மூதாட்டி கேட்டார்.

"எங்கிருந்து வருகிறாய், மகளே?"

"சென்னை, மாதாஜி."

"மதராஸா? தனியாகவா?"

"ஆமாம்."

"வீட்டில் விட்டார்களா?"

"சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."

அவர் அதைக் குலுப் பக்கத்து மொழியான குலுவியில் மற்றவர்களிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வருஷா வருஷம் பாதோன் மாதம் 20-ஆம் நாள், அதாவது செப்டம்பர் தொடக்கத்தில், இங்கே பெரிய குளியல் என்றார். அப்போது கூட்டம் தாங்காது. அதனால் இவர்கள் புல் அறுத்து முடித்த கையோடு, அக்டோபரில் வந்துவிடுவார்களாம். தன் உள்ளங்கையைக் காட்டினார். அரிவாள் பிடித்துப் பிடித்து வெடித்த கை. வெடிப்புகளுக்குள் பச்சை ஏறி இருந்தது. அந்தக் கைகளைத் தண்ணீருக்குள் மல்லாத்தி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியின் முதுகை இன்னொருத்தி தேய்த்துவிட்டாள். ஒருத்தி அழுதாள், என்ன என்று எனக்குப் புரியவில்லை, யாரும் அவளை அழாதே என்று சொல்லவும் இல்லை. எனக்கு இந்தி கொஞ்சம், குலுவி சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் மாதாஜியிடம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆண்களுக்கு மலை தெரிகிறது, நமக்குத் தெரியவில்லையே, வருத்தமாக இல்லையா?

"மலையைத் தினமும் பார்க்கிறேன்" என்றார். "அதில்தான் புல் அறுக்கிறேன், அதில்தான் விறகு எடுக்கிறேன். இங்கே வந்தும் அதைப் பார்க்க வேண்டுமா?"

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பதில் என் கோபத்தை முழுக்கத் தீர்த்துவிடவில்லை. இன்றைக்கும் நான் நினைப்பது இதுதான்: பாதைப் பக்கம் சுவர் இருக்கட்டும், சிகரத்தின் பக்கம் உட்கார்ந்தால் பார்க்கும் அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும். விரும்புகிறவர் பார்க்கலாம், விரும்பாதவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஆனால் சுவருக்குள் நான் இழந்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு அங்கே கிடைப்பது என்ன என்று யோசிக்கவே இல்லை. வருஷம் முழுக்க நின்றும் குனிந்தும் சுமந்தும் வேலை செய்யும் உடம்பு. யாரும் கூப்பிட முடியாத, யாரும் பார்க்க முடியாத ஓரிடத்தில் அரை நாள் சும்மா உட்கார்கிறது. அதற்காக 12 கிலோமீட்டர் ஏறி வருகிறார்கள்.

நான் அளவுக்கு மீறி உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். எழுந்த உடனே கண் இருட்டிக்கொண்டு வந்தது, காதுக்குள் ரீங்காரம். விழுவதற்குள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துவிட்டார்கள். படியில் உட்காரவைத்துத் தலையை முழங்காலுக்கு இடையே அழுத்தினார்கள். "காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய்?" என்று மாதாஜி கேட்டார். டீ, பிஸ்கட் என்றதும் நன்றாகத் திட்டினார். தன் துணிப்பையிலிருந்து அக்ரூட்டும் வெல்லமும் எடுத்து வாயிலேயே ஊட்டினார். என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, வெடித்த அந்தக் கைகளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சொரசொரவென்று இருந்தது. என் அம்மா போன பிறகு என் காலை யாரும் அப்படிப் பிடித்துவிட்டதில்லை.

போகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் இருக்கும்போது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்துவிடும், ரத்த அழுத்தம் இறங்கும். வேர்த்து வற்றிய உடம்பு, வெறும் வயிறு, அதோடு சட்டென்று எழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வெளியே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தலையை முக்காதீர்கள், வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள். துவட்டிக்கொள்ள உலர்ந்த துண்டும், காதை மூடும் குல்லாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெளியே காற்று கத்தி மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலைப்பகுதி 2010-லிருந்து கீர்கங்கா தேசியப் பூங்கா. புல்வெளி முழுக்க முளைத்திருந்த கூடாரங்களையும் கடைகளையும் 2018-ல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி அகற்றினார்கள். அது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன், அதில் பிழைப்பை இழந்த கீழ் ஊர்க்காரர்களின் கஷ்டம் தெரிந்தும். நான் போனபோதும் ஓடையோரம் ஷாம்பு பாக்கெட்டுகள் கிடந்தன. கைக்கு எட்டியவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வெந்நீர் ஊற்று என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சட்லஜ் கரையில் தத்தாபானி என்று ஓரிடம் உண்டு. ஆற்றோரம் மணலைத் தோண்டினாலே வெந்நீர் ஊறும், அதில் உட்கார்ந்து குளிப்பார்கள். 800 மெகாவாட் கோல்டாம் அணைக்கட்டின் நீர் ஏறியபோது அந்தக் கரை மூழ்கிவிட்டது. இப்போது அங்கே குளிப்பது கட்டிவைத்த தொட்டிகளில்தான். பர்ஷைணியிலும் பார்வதி ஆற்றை அணை போட்டுச் சுரங்கத்துக்குள் திருப்பியிருக்கிறார்கள். பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஊர் திரும்புவதற்கு முன் இரண்டு நாள் மணாலிக்கு மேலே வசிஷ்ட் கிராமத்தில் தங்கினேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த வசிஷ்டர் துக்கம் தாளாமல் உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆற்றில் குதிக்க, ஆறு கட்டுகளை அவிழ்த்து அவரைக் கரையில் விட்டது என்று மகாபாரதம் சொல்கிறது. பாசத்தை, அதாவது கட்டை, அவிழ்த்ததால் அது விபாசா, இன்றைய பியாஸ். அந்த முனிவர் பெயரில் மரச்சிற்பக் கோயில், பக்கத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கல்தொட்டி. அங்கேயும் பெண்கள் பக்கம் சுவருக்குள்தான். இந்தமுறை பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

ஆனால் அந்த ஊரில் எனக்கு அதிகம் பிடித்தது தெருவில் ஓடும் வெந்நீர். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாத்திரம் துலக்குகிறார்கள், கம்பளி அலசுகிறார்கள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறார்கள். கையில் நீர் பட்டால் விறைக்கும் அக்டோபர் காலையில், வெந்நீர் போட விறகு தேடும் வேலை அவர்களுக்கு இல்லை. என் மலைத்துணிகள் எல்லாம் சேறு. ஓரமாக நின்று தயங்கினேன். ஒரு பெண் தன் வாளியை நகர்த்திவைத்துக் கல்லில் இடம் விட்டாள். உட்கார்ந்து கால்சட்டையை நனைத்துக் கும்மினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியெல்லாம் கும்மினால் இந்தச் சேறு போகாது என்று சொல்லி, துணி அடிக்கும் கட்டையை என் கையில் கொடுத்தாள்.